ஆறில்லாத நாட்டின் நீர்வாயில்கள்

ஊர்கள் ஆற்றங்கரையில் தோன்றின என்று வரலாற்று நூல்கள் கூறும். நைல் நதியையும் சிந்து நதியையும் காவிரியையும் சான்று காட்டி நாமும் மாணவர்க்கு அவ்வாறே கற்பிக்கின்றோம். ஆயினும் ஆறென்பதே இல்லாத நாட்டிலும் நகரங்கள் எழுந்ததுண்டு, மலையொத்த கோயில்கள் உயர்ந்ததுண்டு, வானநூல் வளர்ந்ததுண்டு. மெக்சிக்கோ நாட்டின் தென்கிழக்கு மூலையில், கரீபியன் கடலுக்கும் மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் யூக்கற்றான் தீபகற்பம் அத்தகைய நாடு. அதன் வடபாகத்தில் ஆறு கிடையாது. ஓர் ஓடையைக் காண்பதும் அரிது. வானம் பொழியும் நீரை நிலம் உடனே உண்டுவிடுகிறது. உண்ட நீரை அது மறைத்து வைத்திருக்கும் அறைகளுக்கு ஆங்காங்கே வாயில்கள் உண்டு. அவ்வாயில்களை அந்நாட்டுப் பழங்குடியினராகிய மாயா மக்கள் 'சொநொத்' என்றனர். அச்சொல் ஸ்பானியர் நாவிற் புகுந்து 'செனோத்தே' ஆயிற்று.

செனோத்தேகள் யூக்கற்றானில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தன் நடுவிலேயும் வேறு பலவற்றைத் தன்னைச் சூழவும் கொண்டு வாழும் சிறு நகரொன்று உண்டு. நிலப்படத்தில் அதன் பெயரை 'வல்லடோலிட்' என்று படிக்கத் தோன்றும்; அவ்வூரார் வாயிலோ அது 'பயதோலீட்' என்று ஒலிக்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பழைய நகரொன்றின் பெயரைக் குடியேற வந்தோர் கொணர்ந்து இங்கே சூட்டினர். சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில், கனடாவில் வாழும் என் அண்ணர் குடும்பத்தாருடன் அவ்வூரில் நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. நீராடிக் களிப்பதே எங்கள் நோக்கமாயிருந்தது. களிப்புக்குக் குறைவில்லை. ஆனால் சுண்ணக்கல்லின் மேற் பிறந்து கிணற்று நீரில் வளர்ந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன், அங்கே தன் ஊரை நினையாமல் இருத்தல் அரிது.

செம்மண்ணும் வெண்கல்லும்

கன்கூன் என்னும் கடற்கரை நகரில் விமானத்தை விட்டிறங்கி, மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் செல்லவேண்டும். மலையுமில்லை, மேடுமில்லை, நூல் பிடித்தாற்போல நேரே ஓடும் வீதி. இரு மருங்கும் உயரமற்ற காடு. பாதி வழியில் மாநில எல்லையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. இழந்த நேரத்தை எவரேனும் திருப்பித் தருவதுண்டோ என்று அண்ணியார் மகிழ்ந்தார்.

என் கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. வீதியோரம் வெட்டுண்ட இடங்களில் மெல்லிய செம்மண் படையும், அதன் கீழே வெண்மையான சுண்ணக்கல்லும் தெரிந்தன. வலிகாமத்துத் தோட்டத்தில் ஒரு முழம் வெட்டினால் தோன்றும் காட்சி அன்றோ அது! கிராமங்களில் வளவுகளைச் சுற்றிக் காரை பூசாது கல்லின்மேற் கல்லடுக்கிய மதில்கள் நின்றன. நெடுந்தீவுக்குப் போய்வந்தோர் அம்மதில்களைக் கண்டால் தாம் எங்கே நிற்கிறோம் என்று ஒரு கணம் ஐயுறுவர்.

நகர மக்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. வீடுகள் ஒரே மட்டமாய், தெருவை ஒட்டி, தடித்த சுவரும் உயர்ந்த சாளரமுமாய் நிற்கின்றன. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்ணம். வெளியே மூடிய முகம். உள்ளே முற்றமும் மரமும் விறாந்தையும். நம் நாற்சார் வீடுகளின் தூரத்து உறவினர் என்றே சொல்லத் தோன்றும். நடுவே சதுக்கம். அங்கே இருவர் எதிரெதிர்த் திசை நோக்கி அமர்ந்தும் முகம் பார்த்துப் பேசத்தக்கவாறு வளைத்துக் கட்டிய வெண்ணிற இருக்கைகள் உள்ளன. மாலையில் முதியோரும் இளையோரும் அவற்றை விட்டுக்கொடார். பூவேலை செய்த 'விப்பில்' என்னும் வெள்ளாடை அணிந்த மாயாப் பெண்கள் மர நிழலில் துணி விற்கின்றனர். அவர்கள் தம்முட் பேசுவது ஸ்பானிய மொழியன்று. ஐந்நூறு ஆண்டு அடக்குமுறையைக் கடந்து நிற்கும் மாயா மொழி.

சைவ உணவு கிடைக்குமோ என்று அண்ணியார் கவலையுற்றார். சோள மாவில் தட்டிய ரொட்டியும், கறுப்பு அவரை மசியலும், பூசணி விதையை வறுத்தரைத்துத் தக்காளியுடன் கலந்த 'சிக்கில்பாக்' என்னும் பண்டமும் கிடைத்தன. அது நம் சம்பலுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. உடன் வைத்த மிளகாயின் உறைப்பில் அண்ணர் கண் கலங்கினார். கலங்கத் தேவையில்லை. மிளகாயும் பப்பாசியும் கொய்யாவும் அன்னமுன்னாவும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை; பறங்கியர் கப்பலேறி நம் வளவுகளுக்கு வந்து, பிறகு நம்மவை ஆயின.

ஊர் நடுவில் ஒரு பாதாளம்

சதுக்கத்திலிருந்து சில தெருக்கள் நடந்தால் 'சாசி' செனோத்தே. கடைகளும் வீடுகளும் சூழ்ந்த இடத்தில் திடீரென நிலம் வாய்பிளந்து நிற்கிறது. பாதி கூரை இடிந்து வீழ்ந்துவிட்டது. எஞ்சிய பாதி குகையாகக் கவிந்திருக்கிறது. கற்படிகள் சுவரைச் சுற்றிக் கீழிறங்குகின்றன. இறங்க இறங்க வெயிலும் வாகன இரைச்சலும் விலகி, குளிர்ச்சியும் அமைதியும் நம்மை எதிர்கொள்கின்றன. கீழே கரும்பச்சை நீர். கரையோரம் சிறு கெளிற்று மீன்கள் காலைத் தொட்டு ஓடுகின்றன. உச்சியிலிருந்து கொடிகளும் வேர்களும் தொங்குகின்றன. குருவிகள் குகைக்குள் வட்டமிடுகின்றன.

பதினைந்து வயதுடைய என் பெறாமகள் நீரில் இறங்கத் தயங்கினாள். "சித்தப்பா, இதற்கு அடி இருக்கிறதா?" என்று கேட்டாள். நிலாவரைக் கிணற்றைக் காணச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும் கேள்வி அது. இராமபிரான் தாகந்தீர அம்பெய்து தோற்றுவித்த கிணறு, அடியற்றது என்று நம் பாட்டிமார் சொல்வர். அடியில்லாத கிணறு உலகில் இல்லை. ஆனால் பக்கம் இல்லாத கிணறு உண்டு. சுண்ணக்கல் நாட்டில் கிணறு என்பது ஒரு தனிக் குழியன்று. பக்கவாட்டில் நெடுந்தூரம் பரந்து கிடக்கும் நீர்நிலத்தின் ஒரு சாளரம். அவ்வளவில் பாட்டிமார் கூற்றிலும் உண்மையுண்டு என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் நடுநீருக்குப் போய்விட்டாள்.

நீர் எப்பருவத்திலும் ஏறக்குறைய ஒரே மிதமான குளிர்ச்சியுடையது. நிலத்தின் ஆழத்திலிருந்து வருவதால் மேலுள்ள வெயிலும் பனியும் அதனை அதிகம் தீண்டுவதில்லை. கீரிமலைக் கேணியில் மூழ்கி எழுந்தாற்போல் உடம்பு இலேசாயிற்று.

கல் கரைந்த கதை

இக்குழிகள் தோன்றிய விதத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. சுண்ணக்கல் என்பது கடலுயிர்களின் ஓடும் சிப்பியும் படிந்து இறுகிய பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்புப் பொந்தாகிறது, பொந்து குகையாகிறது, குகைகள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒருநாள் கூரை தன் பாரத்தைத் தாங்கமாட்டாது இடிகிறது. அன்று ஒரு செனோத்தே பிறக்கிறது. கூரை முற்றும் வீழ்ந்தால் அது குளம். பாதி வீழ்ந்தால் சாசி போன்ற அரைக்குகை. ஒரு துளை மட்டும் விழுந்தால் பாதாள மண்டபம்.

அத்தகைய மண்டபங்கள் இரண்டு, நகரிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிற்னுப் என்னும் கிராமத்தில் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றன் பெயர் இஷ்கெக்கென். மாயா மொழியில் 'பன்றி' என்று பொருள். வறட்சிக் காலத்தில் ஒருவனது பன்றி உடலெங்கும் ஈரச் சேறு பூசி வந்ததாம். நீரில்லாக் காட்டில் சேறு எங்ஙனம் வந்ததென்று அதன் பின்னே சென்றவன் இக்குகையைக் கண்டானாம். குனிந்து நுழையும் வாயில், வழுக்கும் படிகள், பின்பு எதிர்பாராத வகையில் விரியும் பெரிய கூடம். கூரையிலிருந்து கல்விழுதுகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. உச்சியிலுள்ள ஒரே துளையால் வெயில் கம்பமாக இறங்கி, நீலநீரில் ஊன்றி நிற்கிறது. மற்றையது சாமுலா. அங்கே மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் துளைவழியே கயிறுகளாய் இறங்கி நீரைத் தேடி வந்திருக்கின்றன.

கல்விழுது நீருக்குள் வளராது. சொட்டும் நீரிலுள்ள காபனீரொட்சைட்டு காற்றிற் கலக்கும்போது படியும் சுண்ணமே விழுதாகிறது. ஆனால் முக்குளிப்போர் இந்நாட்டுக் குகைகளில் நீரின் ஆழத்திலும் விழுதுகளைக் காண்கின்றனர். அப்படியாயின் ஒருகாலத்தில் அக்குகைகள் உலர்ந்திருந்தன என்பது தெளிவு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பங்கு பனிப்பாறையாய் உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது நிலத்தடி நீரும் ஏறிக் குகைகளை நிரப்பிற்று. 2007ஆம் ஆண்டில் கிழக்குக் கரையோரக் குகையொன்றின் ஆழ்குழியில் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூட்டை முக்குளிப்போர் கண்டனர். பன்னீராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவள். வயது பதினைந்து அல்லது பதினாறு. நீரைத் தேடி இருட்குகையினுள் நடந்து, அன்று உலர்ந்திருந்த குழியில் தவறி வீழ்ந்தாள் என்பது ஆய்வாளர் கருத்து. அப்பெண்ணின் வயதையொத்த என் பெறாமகள் அச்செய்தியைக் கேட்டபின் நெடுநேரம் பேசவில்லை.

2018ஆம் ஆண்டில், அக்கரையோரத்து இரண்டு குகைத் தொடர்கள் நீரடியில் ஒன்றே என நிறுவப்பட்டது. அத்தொடரின் நீளம் 347 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து நீருக்கடியில் நீந்தத் தொடங்கினால் ஏறக்குறையக் கொழும்பை அடையும் தூரம்!

கோயிற் கல்லும் மடத்துக் கிணறும்

வல்லடோலிட்டின் அழகைக் கண்டு மயங்குவோர் அதன் பிறப்பையும் அறிதல் வேண்டும். ஸ்பானியர் 1543இல் இந்நகரை முதலில் வேறோர் இடத்தில், வாவிக்கரையில் அமைத்தனர். அவ்விடம் அவர்களுக்கு ஒவ்வாமையால் 1545இல் 'சாசி' என்னும் மாயா நகரைக் கைப்பற்றி அதன்மேல் தம் நகரைக் கட்டினர். மாயாக் கோயில்களைப் பெயர்த்த கற்களே புதிய ஊருக்குக் கல்லாயின. அடுத்த ஆண்டே மாயா மக்கள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்ட வரலாற்றைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி புதிதன்று.

வண்ண வீடுகள் நிறைந்த துறவியர் தெரு வழியே நடந்தால் சான் பேர்ணடினோ மடம் எதிர்ப்படும். பிரான்சிஸ் சபைத் துறவிகள் 1552இல் தொடங்கி 1560இல் முடித்த கட்டடம் அது. மதில் கோட்டை மதில் போலத் தடித்தது. அதன் தோட்டத்தில் குவிமாடம் தாங்கிய கிணற்று மண்டபமொன்று உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் தெரிவது வெட்டிய கிணறன்று, செனோத்தே! 'குளிர்ந்த நீர்' என்னும் பொருளில் மாயா மக்கள் அதனைச் 'சிஸ்-ஹா' என்றனர். 1613இல் துறவிகள் அதன்மேல் மண்டபம் எழுப்பி, விலங்கு சுற்ற வாளிகள் நிரையாக நீர் கொணரும் சூத்திரத்தைப் பொருத்தினர். அராபியர் ஸ்பெயினுக்குக் கற்பித்த அக்கருவி, ஸ்பானியரோடு கடல் கடந்து வந்தது. தெய்வத்தை மாற்றினர், மொழியை மாற்றினர், ஊரின் பெயரையும் மாற்றினர். நீரை மாற்ற அவர்களால் இயலவில்லை. மாயா மக்கள் நீர் மொண்ட அதே இடத்தில்தான் அவர்களும் மொண்டனர்.

மூன்று நூற்றாண்டு கடந்து 1847இல் பெரும்போர் மூண்டது. மாயா உழவரின் நிலங்கள் கரும்புத் தோட்டங்களாகப் பறிபோயின. வரியும் தேவாலயக் கட்டணமும் அழுத்தின. வெள்ளையர் தம்முட் பூசலிட்டபோது ஆயுதங்கொடுத்துப் படைதிரட்டிய தலைவர்கள், வாக்களித்த சலுகைகளை வழங்கவில்லை. அவ்வாண்டு யூலை 26இல் மனுவேல் அந்தோனியோ ஆய் என்னும் மாயாத் தலைவர் இந்நகரிற் கொல்லப்பட்டார். நான்கு நாட்களில் செசிலியோ சீ என்பவர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. 1848 பங்குனியில் நகரமே மாயாப் படையின் கையில் வீழ்ந்தது. இரு பக்கத்தும் பெருங்கொடுமைகள் நிகழ்ந்தன. சிறைப்பட்ட மாயா மக்கள் கியூபாத் தீவுக்கு விற்கப்பட்டனர். 'சாதிப் போர்' என்று ஏடுகள் கூறும் அப்போர், 1901இலேயே முடிந்ததாக அரசால் அறிவிக்கப்பட்டது. சிஸ்-ஹாவின் அடியில் முக்குளித்து ஆராய்ந்த தொல்லியலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் பலவற்றையும் ஒரு பீரங்கியையும் கண்டெடுத்தனர். குடிநீர் மொண்ட வாயிலிலேயே போர்க்கருவிகளும் போடப்பட்டுக் கிடந்தன.

குளிக்கும் இடமும் குடிக்கும் இடமும்

மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றரில் சிச்சென் இற்சா. 'இற்சா மக்களின் கிணற்று வாயில்' என்பது அப்பெயரின் பொருள். ஊரின் பெயரே நீரின் பெயர். அங்கே பெரிய செனோத்தேகள் இரண்டு. ஒன்று குடிநீர் தந்தது. மற்றையது மழைக் கடவுளாகிய சாக்கிற்கு உரியது. ஏறக்குறைய 60 மீற்றர் அகலமுள்ள செங்குத்தான பெருங்குழி. அதிலே பொன்னும் பச்சைமணியும், வறட்சிக் காலத்தில் மனிதவுயிரும் காணிக்கையாயின. 1904 முதல் எட்வேட் தொம்சன் என்னும் அமெரிக்கர் அதன் சேற்றை இயந்திர வாளியால் அள்ளி, கண்டவற்றைத் தம் நாட்டு ஹாவாட் பல்கலைக்கழக அரும்பொருளகத்துக்கு அனுப்பினார். அவற்றுள் ஒரு பகுதியே பின்னர் மெக்சிக்கோவுக்குத் திரும்பிற்று. இன்று அச்செனோத்தேயில் எவரும் இறங்க அனுமதியில்லை.

சிற்னுப் கிராமத்தில் எங்களுக்கு வழிகாட்டிய மாயா இளைஞர், நான் ஆசிரியன் என்று அறிந்தது முதல் 'மாயெஸ்த்ரோ' என்றே அழைத்தார். மழை பொய்க்கும் ஆண்டில் தம் ஊரார் வயலில் பந்தலிட்டுச் சோள அப்பம் படைத்துச் சாக்கை வேண்டுவர் என்றார். அச்சடங்கில் சிறுவர் சிலரைப் பந்தற் காலடியில் இருத்தித் தவளை போலக் கத்தச் செய்வராம். தம் சிறுவயதில் தாமும் அங்ஙனம் கத்தியதாகச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், "மாயெஸ்த்ரோ, நீங்கள் இங்கே குளிக்க வந்திருக்கிறீர்கள். என் பாட்டி இங்கே குடிக்க நீரெடுக்க வந்தவர்" என்றார். அதிலே குறையேதும் இல்லை. எங்களை வரவேற்றே சொன்னார். ஆயினும் அதன்பின் அந்நீரை நீச்சற் குளமாகப் பார்க்க எனக்கு இயலவில்லை.

நீரில் இறங்குமுன் யாவரும் உடம்பைக் கழுவவேண்டும், வெயிற்களிம்பு பூசியோர் இறங்கலாகாது என்னும் கட்டளை அங்கே உண்டு. சிலர் முணுமுணுக்கின்றனர். காரணம் எளிது. மணலும் களியும் நிறைந்த நாட்டில், மேலே சிந்திய அழுக்கு கீழே செல்லுமுன் மண் அதனை வடிகட்டுகிறது. சுண்ணக்கல் வடிகட்டுவதில்லை, வெடிப்பு வழியே உள்ளதை உள்ளவாறே நீரிற் சேர்க்கிறது. யூக்கற்றானில் மலக்குழிகளும் பண்ணைக் கழிவும் பயிருரமும் நிலத்தடி நீரை அடைந்துகொண்டிருக்கின்றன. வல்லடோலிட்டுக்கு மேற்கே ஓமுன் என்னும் ஊரில், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பன்றிகளை வளர்க்கும் பண்ணையொன்று எழுந்தபோது ஊரார் எதிர்த்தனர். மாயாச் சிறுவர் பெயரால் தொடுத்த வழக்கில் 2018இல் நீதிமன்றம் பண்ணையின் இயக்கத்தை நிறுத்தி வைத்தது. 2023 டிசெம்பரில் ஓடத்தொடங்கிய 'மாயா இரயில்' வல்லடோலிட் வழியாகவும் செல்கிறது. கிழக்குக் கரையோரத்தில் அதன் பாதையைத் தாங்க, குகைகளின் கூரையைத் துளைத்து உருக்குத் தூண்கள் இறக்கப்பட்டன. அது பற்றிய வாதம் அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. இரயிலால் வேலை வருமென்போரும், நீர் கெடுமென்போரும் அதே மாயாக் கிராமங்களிலேயே உள்ளனர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அங்கும் நன்னீரின் அடியில் உவர்நீர் கிடக்கிறது. நிலாவரையில் மேலே இனித்து ஆழத்தில் உவர்ப்பது போலவே, அங்கும் ஆழச் செல்லும் முக்குளிப்போர் ஓரிடத்தில் நன்னீரைக் கடந்து கடல்நீருட் புகுகின்றனர். நன்னீர் இலேசானது, ஆதலின் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாகவும் படிக்கவேண்டும். அளவின்றி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழே 40 அடி நன்னீரை இழக்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல் தேக்கி வைத்த மழைநீரையே. நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரமும் மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணம். 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நம்மை உலுக்கியது. ஒரு வளவிற் சிந்தியது அடுத்த வளவின் கிணற்றில் தோன்றியபோது, வேலி மேலேதான் உண்டு, கீழே இல்லை என்பதை அன்று கண்டோம். காணிக்கு உறுதி முடிக்கலாம். கதியால் நட்டு எல்லை காக்கலாம். கீழுள்ள நீருக்கு உறுதி எழுதத்தக்க நொத்தாரிசு எவருமில்லை.

மெக்சிக்கோவுக்குப் போகும் வாய்ப்பு நம்முட் சிலர்க்கே கிட்டும். கிட்டியோர் வல்லடோலிட்டைத் தவறவிடற்க; சாசியின் படிகளில் இறங்கி, சிற்னுப்பின் நீலநீரில் நீந்தி, சதுக்கத்து வெண்ணிருக்கையில் மாலைப்பொழுதைக் கழித்து வருக. கிட்டாதோரும் வருந்த வேண்டியதில்லை. மாணவச் செல்வங்கள் அடுத்த விடுமுறையில் துவிச்சக்கரவண்டியில் நிலாவரைக்குச் செல்லலாம். கரையில் நின்று எட்டிப் பார்க்கையில், இதன் அடி எங்கே என்று வினவுவதோடு நில்லாது, இதன் பக்கங்கள் எவ்வெவ்வூரைத் தொடுகின்றன, அவ்வூர்களில் நாம் நிலத்திற் கொட்டுவது என்ன என்றும் வினவட்டும். வீடு திரும்பியதும் தம் வளவுக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி உண்டென்று ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.